வீட்டு நிமிடம்

மாலை 6.40-க்குக் கவசம் வீட்டுக்குத் துடிப்பை அனுப்பும். ஒரு நிமிடம். அதற்கு வீட்டு நிமிடம் என்று பெயர்.

வீரரின் இதயச் சத்தம் மலையிலிருந்து நேராக அவர் வீட்டில் இருக்கும் கேட்பானுக்குப் போகும். தீப்பெட்டி அளவுக் கருவி. பேச முடியாது. கேட்கலாம். கேட்டது அதிலேயே பதிந்திருக்கும். அந்த நேரத்தில் காவல் நிலையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். படபடத்து ஓடும் இதயத்தை வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் மனம் வராது.

எஸ்தரும் உட்கார்ந்தாள். பதினான்கு மாதம், தினமும். அவள் போட்டிருந்த கவசம் சேர்மக்கனி என்பவனுடையது. துடிப்பு போனது அவன் வீட்டுக்கு. அவன் செத்துப்போயிருந்தான்.

போர் முடிந்து பதினேழு மாதங்கள் ஆகிவிட்டன. அந்தத் துடிப்பு தன்னுடையது என்று இப்போது அவள் நிரூபிக்க வேண்டும்.

பாளையங்கோட்டையில் கவசப் பதிவுத் தீர்ப்பாயத்துக்கு இரண்டு அறைகள் கொடுத்திருந்தார்கள். விசாரணை அலுவலர் தீனதயாளன் திரைக்குப் பின்னால் இருந்தார். சுவர் ஓர பெஞ்சில் சேர்மக்கனியின் மனைவி சண்முகவடிவு உட்கார்ந்திருந்தாள். ஏரல் பக்கம் கிராம நர்ஸ். மடியில் கைப்பை. எஸ்தர் அவளைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"பேர் சொல்லுங்கம்மா."

"எஸ்தர் பாக்கியம். ஊரு நாசரேத்."

"பணி?"

"சுமைப்பிரிவு. பதினெட்டாம் முகடு."

"அதாவது போர்ப்பணி இல்லை."

"பேப்பர்ல இல்ல."

அவர் அதைத் தட்டச்சு செய்யவில்லை. "உங்க கோரிக்கையை நீங்களே சொல்லுங்க. பதிவுக்காக."

"வயித்துல வலை இருக்கு சார். எடுக்கணும்."

உடம்புக்குள் ரத்தம் கசிந்தால் கவசம் ஊசி வழியாக ஒரு நூல்வலையைச் செலுத்தும். வலை கசியும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும். இரண்டு வருடத்துக்குள் அதைக் கரைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது குடலைச் சுற்றி இறுகிக்கொண்டே போகும். வெளி டாக்டர் கத்தி வைத்தால் உடனே இறுகும். ராணுவ மருத்துவமனையிலிருந்து கட்டளை போனால்தான் கரையும். கட்டளை கவசத்தில் செருகியிருக்கும் வீரரின் பெயர்த்தட்டில் பூட்டியிருக்கும். எஸ்தரின் வயிற்றில் வலை போய் இருபது மாதம். இப்போது கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

"உரியவர் வந்தா கரைப்போம்னாங்க."

"உரியவர் சேர்மக்கனி."

"ஆமா சார். அவரு செத்துட்டாருன்னேன். அப்ப அவசரம் இல்லையேன்னாங்க."

தீனதயாளன் திரையைப் பார்த்துப் படித்தார். "சேர்மக்கனி. அடிவயிற்றில் வேற்றுப்பொருள். உள்ரத்தக் கசிவு. வலை செலுத்தப்பட்டது. ஆறு மணி நேரத்தில் பணிக்குத் தகுதி." நிமிர்ந்தார். "இது நீங்கன்னு சொல்றீங்க."

"நான்தான்."

"வேற்றுப்பொருள்னா? குண்டுச் சிதறலா?"

"புள்ள."

அவருடைய விரல்கள் நின்றன.

"பதிமூணு வாரம் சார். கவசத்துக்கு ஆம்பளை உடம்புதான் தெரியும். ஆம்பளை வயித்துல அப்படி ஒண்ணு வளரக் கூடாதுல்லா. இறுக்கிப் பிழிஞ்சு எடுத்துட்டு. பொறவு ரத்தம் போகுதேன்னு வலையப் போட்டுட்டு."

"யாருடையது?"

"உங்க படிவத்துல அதுக்குக் கட்டம் இருக்கா சார்?"

அவர் பார்த்தார். "இல்லை."

"அப்ப விடுங்க."

முகட்டில் சுமைப்பிரிவுப் பெண்கள் ஏழு பேர். மேலே இருந்த காவல் நிலைகளுக்கு மின்கலமும் தண்ணீரும் முதுகில் ஏற்றிக்கொண்டு போவது வேலை. வழங்கல் பட்டியலில் ஷூ பாலிஷ் இருந்தது. மாதவிலக்குக்கு ஒன்றும் இல்லை. மலையில் இருந்த ஒரே துணி துப்பாக்கி துடைக்கிற துணி. அது ஸ்டோரில் ஹவில்தார் மணவாளனிடம் இருந்தது. துப்பாக்கி இல்லாதவளுக்குத் துணி எதுக்கு என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். தனியாக வந்தால் கொடுப்பார். ஏழு பேரில் நான்கு பேர் தனியாகப் போனார்கள். மற்ற மூன்று பேர் சாக்கைக் கிழித்துக்கொண்டார்கள். கவசம் கிடைக்கும்வரை எஸ்தர் சாக்குக் கட்சியில் இருந்தாள். கவசத்துக்குள் சாக்கு வைத்தால் தொடை அறுந்தது. அவளும் தனியாகப் போனாள்.

"கவசம் எப்படி உங்க கைக்கு வந்தது?"

எஸ்தர் பெஞ்சைப் பார்த்தாள். வடிவு கைப்பையின் வாரைப் பிடித்திருந்தாள்.

"அவரு செத்துப்போனாரு. எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

"எதுக்கு?"

"குளிருக்கு சார். எங்களுக்குக் குடுத்தது பஞ்சுக் கோட்டு. அதுக்கு முந்தின மாசம் ரெண்டு பிள்ளைகளுக்குக் கால்விரல் போயிட்டு."

"எந்த இடத்தில் செத்தார்?"

எஸ்தர் மறுபடி பெஞ்சைப் பார்த்தாள்.

"சத்தியப் பிரமாணம் எடுத்திருக்கீங்க."

"முன்னணிக் கோட்டுக்குப் பின்னால."

"எவ்வளவு பின்னால்?"

"நானூறு அடி இருக்கும். இறங்குற பாதையில."

தீனதயாளன் நாற்காலியைப் பெஞ்சுப் பக்கம் திருப்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "அம்மா, இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். கட்டளை இல்லாம வீரர் கோட்டைத் தாண்டிப் பின்னால் வந்தா கவசம் பூட்டிக்கும். முழங்கை, முழங்கால், எல்லாம். திரும்ப முன்னால் போனாத்தான் திறக்கும்."

"பூட்டிக்கிட்டா முன்னால எப்படிப் போக?" என்று வடிவு கேட்டாள்.

"யாராவது இழுத்துட்டுப் போகணும்."

"நாங்க இழுத்தோம்" என்றாள் எஸ்தர். "குண்டு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அஞ்சு மணி நேரம் கிட்டப் போக முடியல. அவரு நின்னபடியே கூப்பிட்டாரு. குண்டு நின்ன பொறவு ஏழு பேரும் போயி கயிறு கட்டி இழுத்தோம். கோட்டுக்கு முன்பக்கம் வந்ததும் படக்குனு திறந்துட்டு. பாத்தா உயிரில்ல. உடம்பைப் பனிப்பிளவுல இறக்குனோம். ஏழு பேர்ல நான்தான் உசரம். எனக்குத்தான் சரியா இருந்துச்சு."

பெயர்த்தட்டு இல்லாமல் கவசம் உயிர் பெறாது. தட்டை விட்டுவைத்தார்கள். தட்டு இருந்தால் கட்டளை வரும். சுடு என்று வரும். நில் என்று வரும். கேட்காவிட்டால் பூட்டிக்கொள்ளும். குளிருக்குப் போட்டவள் அப்படித்தான் போர்வீரர் ஆனாள். மற்ற பெண்கள் அவளை அண்ணே என்று கூப்பிட்டார்கள். "சேர்மக்கனி அண்ணே, டீ குடிச்சாச்சா?" 6.40 ஆனால் யாராவது ஒருத்தி சொல்வாள்: "ஏட்டி, மதினி கேக்கப் போறாங்க. அண்ணனைச் சிரிக்க வைக்காதீங்க."

ஏரலில் இருக்கும் ஒருத்தியை எஸ்தர் அப்படித்தான் அறிந்திருந்தாள். மதினி.

"நீங்க சொல்ற நாளோட பதிவு இருக்கு" என்றார் தீனதயாளன். "பூட்டு ஐந்து மணி நேரம். பிறகு நாற்பது நிமிடம் துடிப்பு இல்லை. பிறகு நிமிடத்துக்கு எண்பத்திரண்டு. பதிவேடு இதை உயிர்மீட்புன்னு போட்டிருக்கு."

"செத்தவரு எந்திரிச்சாருன்னு."

"கவசம் எழுப்பியதுன்னு."

"நாப்பது நிமிசம் கழிச்சு. நீங்க நம்புறீங்களா சார்?"

"நான் நம்பறது வேற விஷயம்மா. ஒரு பெண் உள்ளே போனாள்னு போட பதிவேட்டில் சொல் கிடையாது. உயிர்மீட்புக்கு இருக்கு."

அவர் ஒரு காகிதத்தைத் தள்ளினார். போர்நிறுத்தத்தன்று பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட விடுவிப்புப் படிவம். ஏழாவது வரி: பணிக்காலத்தில் முன்னணிக் கவசம் எதையும் நான் அணியவில்லை.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"வாசிச்சுட்டுத்தான் போட்டீங்களா?"

"வாசிச்சேன். போட்டவங்களைத்தான் பஸ்ஸுல ஏத்துனாங்க. பத்தொன்பது மாசமா வீட்டுக்குப் போகல."

"கவசத்தை?"

"கழத்தி பஸ்ஸுக்குப் பக்கத்துல வச்சிட்டு ஏறுனேன். தட்டோட."

"அந்த நிமிடம்தான் சேர்மக்கனி இறந்த நேரம்" என்று அவர் திரையிலிருந்து படித்தார். "காலை 11.05. மார்ச் ஒன்பதாம் தேதி முகட்டைத் தனியாகக் காத்ததுக்காக வீரப்பதக்கம்." மறுபடி வடிவைப் பார்த்தார். "ஊர் முக்கில் சிலை இருக்கில்லையா அம்மா?"

"இருக்கு."

"பையன் ராணுவப் பள்ளியில்."

"ஆறாம் வகுப்பு."

"ரெண்டு பக்கமும் தெரியணும்னு சொல்றேன். ராணுவத்தில் துடிப்பின் எண்ணிக்கை மட்டும்தான் வைப்பாங்க. சத்தம் வீட்டார் சொத்து. சத்தம் ஆளுக்கு ஆள் மாறும், கைரேகை மாதிரி. உங்க கேட்பானில் இருக்கிற சத்தத்தையும் இந்தப் பெண்ணோட சத்தத்தையும் வச்சுப் பார்த்தா பத்து நிமிஷத்தில் தெரிஞ்சிடும். ஒத்துப்போனா வலையை இவங்க பெயருக்கு மாத்திடலாம். நாளைக்கே கரைச்சுடுவாங்க."

"அப்ப அவரு?"

"அப்ப அவர் பூட்டு விழுந்த அன்னைக்கு நிலையை விட்டுப் போனவர். விலகியோர் பட்டியல்ல சேரும். பட்டியலை ஊராட்சியில் ஒட்டுவாங்க."

  எஸ்தர் சத்தமில்லாமல் மூச்சு விட்டாள், 6.40-க்கு விடுவதுபோல.

"கேட்பான் இருக்கா அம்மா?"

"அழிச்சிட்டேன்."

"எப்போ?"

"அவரு போயிட்டாருன்னு தாள் வந்த அன்னைக்கு."

"கேட்ட வரைக்கும் அது யாருடைய துடிப்பு?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"கடைசி நாள் வரைக்கும்?"

"கடைசி நாள் வரைக்கும்."

"நிச்சயமா?"

"நான் நர்ஸு சார். நெஞ்சுச் சத்தம் கேக்கறதுதான் என் தொழில்."

தீனதயாளன் தட்டச்சு செய்தார். நீளமான வாக்கியம் இல்லை. கோரிக்கை தள்ளுபடி. எஸ்தரிடம் ஒரு பிரதியைக் கொடுத்தார். அனுமதியின்றிக் கவசம் அணிந்ததாக அவள் சொன்னதை வழக்காக்கப் போவதில்லை என்றார். அது அவரால் முடிந்த உதவி. வெளியே தண்ணீர்ப் பானை இருப்பதாகவும் சொன்னார்.

பேருந்து நிலையத்தில் மேற்கூரைக்குக் கீழே ஒரே ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. எஸ்தர் ஒரு முனையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வடிவு வந்தாள். நின்று பார்த்தாள். வேறு இடம் இல்லை. மறுமுனையில் உட்கார்ந்தாள்.

நாசரேத் பஸ் ஒன்று போனது. எஸ்தரால் எழுந்திருக்க முடியவில்லை. வயிறு இறுகியிருந்தது. அடுத்ததில் போகலாம் என்று இருந்தாள்.

நிலையத்துக் கடிகாரம் 6.40 காட்டியது. வடிவு கைப்பையைத் திறந்தாள். தீப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்துக் காதில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பழக்கத்தில் செய்தாள். பாதியில்தான் பக்கத்தில் இருப்பது யார் என்று நினைவு வந்தது. கண்ணைத் திறந்தாள். மறைக்கவில்லை. நிமிடம் முடியும்வரை கேட்டாள்.

"அழிச்சிட்டேன்னீங்க" என்றாள் எஸ்தர்.

"சொன்னேன்."

"அவரோடதா?"

"அவரோடது இருபது நாள் இருக்கு. இருபது நாளும் பயந்திருக்காரு. கேக்க முடியாது." கேட்பானை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இது உன்னோடது."

ஒரு பையன் சுண்டல் தட்டோடு வந்து நின்றான். இருவரும் பார்க்காததால் போய்விட்டான்.

"எப்பத் தெரியும்?"

"நீ போட்ட அன்னைக்கே. அவருக்குப் பத்துப் பன்னெண்டு துடிப்புக்கு ஒண்ணு தவறும். கல்யாணம் ஆன நாள்லருந்து காதை வச்சுக் கேட்டிருக்கேன். அன்னைக்குச் சாயங்காலம் தவறவே இல்ல. அவ்வளவுதான், ஆளு போயாச்சுன்னு தெரிஞ்சுட்டு."

"அழுதீங்களா?"

"எப்படி அழ? மாமியார் கையில வாங்கிக் கேட்டுட்டு, எம்மவன் நல்லா தெம்பா இருக்கான்னு பாயசம் வச்சாவ. நானும் குடிச்சேன்."

பெரிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. வடிவு அது போகும்வரை காத்திருந்தாள்.

"நின்னபடியே கூப்பிட்டாருன்னு சொன்னியே. என்ன சொல்லிக் கூப்பிட்டாரு?"

"கழத்தி விடுங்கடின்னாரு. பொறவு அம்மான்னாரு."

"என் பேரு?"

"இல்ல."

வடிவு தலையை ஆட்டினாள். "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம், அங்க வச்சு."

"பிரமாணம் எடுத்தாச்சுல்லா."

"நானும்தான் எடுத்தேன்."

அவள் சிரித்ததுபோல் இருந்தது. பிறகு பேச ஆரம்பித்தாள். நோயாளியிடம் பேசுவதுபோல், முகத்தைப் பார்க்காமல்.

"மாசத்துல அஞ்சு நாள் உனக்குக் கொஞ்சம் வேகமா போகும். ரெண்டாம் மாசத்துலயே பொம்பளைன்னு தெரிஞ்சுட்டு. பொறவு ஒரு வாரம் தொண்ணூறுக்கு மேலேயே இருந்துச்சு. இறங்கவே இல்ல. காய்ச்சலா இருக்கும்னு பாத்தேன். காய்ச்சல் சத்தம் வேற. இந்தப் பிள்ளைக்கு நாள் தள்ளிப் போயிருக்குன்னு அப்பதான் தோணுச்சு."

"சொல்லிருந்தீங்கன்னா கவசத்தைக் கழத்திருப்பாங்க."

"தெரியும்."

"என்னையக் கீழ அனுப்பிருப்பாங்க."

"தெரியும்னு சொல்லுதேன்ல. சொன்னா நீ யாருன்னு கேப்பாங்க. நீ யாருன்னு கேட்டா அவரு எங்கன்னு கேப்பாங்க." வடிவு புடவை முந்தானையால் கேட்பானைத் துடைத்தாள். "கவசம் அப்படிச் செய்யும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் சொல்லிருப்பேனான்னு தெரியல. அதையும் உன்கிட்ட மறைக்கல."

எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். வலி வந்து போனது. வடிவின் கை தானாக அவள் முதுகுக்குப் போனது. தொடவில்லை. திரும்பி மடிக்கு வந்தது.

"ரெண்டாவது சத்தம் பதினோரு நாள் கேட்டுச்சு" என்றாள் வடிவு.

எஸ்தர் நிமிர்ந்தாள்.

"நாங்க வயித்துல கருவி வச்சுக் கேட்டாத்தான் அந்த நேரத்துல கேக்கும். கவசத்துக்குக் காது கூர்மை. உன்னோடது மெதுவா போகும். அதுக்குள்ள சின்னதா ஒண்ணு. வேகமா, குதிரை ஓடுத மாதிரி. நிமிசத்துக்கு நூத்தி அறுபது. நல்ல துடிப்பு. குறை சொல்ல ஒண்ணும் இல்ல." நிறுத்தினாள். "பன்னெண்டாம் நாள் ஒண்ணுதான் இருந்துச்சு."

அந்தப் பன்னிரண்டாம் நாள் எஸ்தருக்குத் தெரியும். விடியற்காலையில் கவசம் வேலையை முடித்திருந்தது. பணிக்குத் தகுதி என்று காதுக்குள் சொன்னது. மாலை 6.40-க்கு அவள் மின்கலப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கால்சட்டை ஈரமாக இருந்தது. மதினி கேக்கப் போறாங்க, அழாதண்ணே என்று யாரோ சொன்னார்கள். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

முகட்டில் டாக்டர் இல்லை. கவசம் சொல்லவில்லை. அப்படி ஒரு சத்தம் இருந்தது என்று இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"டாக்டர் எவ்வளவு நாள் சொல்லிருக்காரு?" என்று வடிவு கேட்டாள்.

"நாலு மாசம். கூட ஒண்ணு ரெண்டு வாரம்."

"எம்மவனுக்குப் பதினோரு வயசு. ஓடிப்போனவன் மவன்னு அவனை ஆக்க மாட்டேன்."

"நான் கேக்கல."

"கேட்டா குடுத்திருவேனோன்னுதான் பயமா இருக்கு. உள்ள வச்சே கை பைக்குள்ள போயிட்டு." வடிவு கேட்பானைப் பையில் போட்டாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "இன்னைக்குக் கடைசியா ஒரு தடவை கேட்டுட்டு ஆத்துல போடணும்னுதான் எடுத்துட்டு வந்தேன். ஊருக்குப் போயி இறங்குனதும் பாலத்துல நின்னு போட்டிருவேன்."

ஏரல் பஸ் உள்ளே திரும்பியது. நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களை அடுக்கினார். ஆட்கள் ஓடினார்கள். வடிவு எழுந்து புடவையைச் சரி செய்தாள். பையைத் தோளில் மாட்டினாள். இரண்டு அடி வைத்தாள்.

எஸ்தர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"மதினி, ஆத்துல போடுறதுக்கு முந்தி அந்தச் சின்னச் சத்தத்தை மட்டும் ஒரு தடவை நான் கேட்டுக்கிடட்டுமா?"